பட்டிப் படலுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?

இங்கிலீஷ் நாவல் படிக்கிறேன்னு சொன்னா எங்க ஊர்ல ரெண்டு விதமாப் பார்ப்பாங்க. ஒண்ணு, "உனக்கெதுக்கப்பா இந்த வேலை, மஞ்சள் என்ன வெலை போகுதுன்னு பாரு"ங்கிற பார்வை. இன்னொண்ணு, பேங்க் பாரத்தையும் மருந்து டப்பாவையும் தூக்கிட்டு வந்து, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க"ன்னு நீட்டுறது. ரெண்டும் பழகிப்போச்சு. டவுன்ல இருந்து படிக்கிற உங்களுக்கு வேற ஒரு கேள்வி வரும். தமிழ் மீடியத்துல பள்ளிக்கூடத்தோட படிப்பை நிறுத்தின ஒரு குடியானவன், அம்பது வயசுக்கு மேல, நூத்தம்பது வருஷத்துப் பழைய இங்கிலீஷ் நாவலை எப்படிப் படிக்கிறான்? இன்னைக்கு அதைத்தான் எழுதறேன்.

எம் மக ஈரோட்டுல பி.ஏ. இங்கிலீஷ் இலக்கியம் படிச்சா. கல்யாணம் ஆகி திருப்பூர் போறப்ப அவ புத்தகமெல்லாம் அட்டாலியில ஏறிருச்சு. நாலு வருஷத்துக்கு முன்னால ஓடு மாத்தறதுக்காக எல்லாத்தையும் கீழ இறக்கினப்ப ஒரு புத்தகத்தோட அட்டை கண்ணுல பட்டுது. அட்டையில ஆட்டு மந்தைப் படம். தாமஸ் ஹார்டி எழுதின 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரௌட்'. 1874-ல வந்த நாவல். ஆட்டுப் படம் போட்ட புத்தகம்னா நமக்கு ஒரு இதுதானே. திண்ணையில உக்காந்து திறந்தேன். முதல் பக்கத்துல மட்டும் எனக்குத் தெரியாத வார்த்தை நாப்பதுக்கு மேல இருந்துது.

எங்க மச்சான் பையன் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதறவன். அவன்கிட்ட ஒரு சொல் பட்டியல் புத்தகம் இருந்துது. ஒரு பக்கம் இங்கிலீஷ் சொல், எதிர்ல அர்த்தம், தினம் முப்பது சொல் மனப்பாடம் பண்ணணும். "மாமா, இதை முடிச்சீங்கன்னா எந்தப் புக்கும் படிக்கலாம்"ன்னான். அந்த மாதிரிப் பட்டியல் பரீட்சைக்கு ஒத்து வரும். நாலு விடையில சரியானதை டிக் அடிக்கிறதுக்கு அது போதும். கதை படிக்கிறதுக்கு அது ஒத்து வராது. மண்ணோட புடுங்காத நாத்து மாதிரி அந்தச் சொல்லெல்லாம். நட்ட அன்னைக்கு நிமிர்ந்து நிக்கும், மூணாம் நாள் சாய்ஞ்சுரும்.

எனக்கு வழி தெறந்தது 'ஹர்டில்'ங்கிற ஒரே ஒரு சொல்லாலதான்.

அந்த நாவல்ல கேப்ரியல் ஓக்னு ஒரு ஆள். ஆடு மேய்க்கிறவன், சின்ன விவசாயி. அவன் குட்டி போடற பருவத்துல குன்று மேல சக்கரம் வச்ச ஒரு சின்னக் குடிசையில ராத்திரி காவல் படுக்கிறான். சுத்தியும் ஹர்டில் வச்சிருக்குன்னு வருது. அகராதியில பாத்தா 'தடை'ன்னு போட்டிருக்கு. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுல தாண்டி ஓடுவாங்களே, அந்தத் தடை. ஆட்டுக்காரனுக்கு எதுக்குங்க தடை ஓட்டம்? அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு, புத்தகத்தை மூடிட்டு, பட்டியைப் பார்க்கப் போனேன். நம்ம காட்டுல எருவுக்காக அன்னைக்குப் பட்டி போட்டிருந்துது. மூங்கில் படலை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டி, உள்ள ஆடு அடைச்சு, நாளைக்கு அந்த இடத்துல எரு நிறைஞ்சதும் படலைத் தூக்கிப் பக்கத்துல நகர்த்தி வைப்போம். அங்க நின்னப்பத்தான் பிடிபட்டுது. ஹர்டில்னா படல்! அவங்க ஊர்ல ஹேசல்ங்கிற மரத்துக் குச்சியைப் பின்னிச் செய்வாங்க, நாம மூங்கில்ல செய்யறோம். அவங்களும் நம்மள மாதிரியே டர்னிப் காட்டுக்குள்ள படல் போட்டு ஆட்டை அடைச்சு எரு சேர்ப்பாங்க. விளையாட்டுல தாண்டுற ஹர்டில் பின்னால வந்த பொருள். முதல்ல அது ஆட்டுப்படல்தான்.

அதுக்கப்புறம் அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை. மறக்க முடியாதுங்க, தினமும் அதைத் தூக்கித் தோள்ல வச்சிட்டுப் போறவன் நான்.

அன்னைக்குத்தான் ஒண்ணு உறைச்சுது. ஹார்டி 1840-ல டார்செட்ங்கிற பகுதியில ஒரு கிராமத்துல பொறந்தவர். அப்பா கல் கட்டட வேலைக்காரர். அவர் எழுதினது பூரா ஆடு, மாடு, அறுப்பு, களம், போர், மழை, கடன். காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு இந்த வார்த்தையெல்லாம் கஷ்டம். எனக்குச் சொல்தான் புதுசு, பொருள் வீட்டுல இருக்கு. 'ரிக்'னா போர். 'தாட்ச்'னா கூரை வேயறது. 'ஃபர்ரோ'ன்னா உழவு சால். 'ஃபேலோ'ன்னா தரிசாப் போட்ட காடு. 'சாஃப்'னா பதர். 'வின்னோ'ன்னா காத்துல தூத்தறது. மகளுக்குப் போன் பண்ணி, "கண்ணு, ரிக்னா என்னன்னு பரீட்சையில எழுதின?"ன்னு கேட்டேன். "வைக்கோல் சம்பந்தப்பட்டதுன்னு கைடுல இருந்துச்சுங்கப்பா. அது எப்படி இருக்கும்னு இப்பத்தானுங்க யோசிக்கிறேன்"னா. அவ சின்னப்பிள்ளையில ஏறி விளையாடின போர் அது!

இப்போ எப்படிச் சொல் சேர்க்கிறேன்னு சொல்றேன். முதல்ல கணக்கு. நியூசிலாந்துல பால் நேஷன்னு ஒரு பேராசிரியர் இந்தச் சொல் எண்ணிக்கையையே வாழ்நாள் வேலையா ஆராய்ச்சி பண்ணினவர். ஒரு நாவலைப் பிறர் உதவியில்லாமப் படிக்கணும்னா அதுல வர்ற சொல்லுல 100-க்கு 98 தெரிஞ்சிருக்கணும், அதுக்கு 8,000-லிருந்து 9,000 சொற்குடும்பம் வேணும்னு அவர் 2006-ல எழுதியிருக்கார். சொற்குடும்பம்னா ஒரே வேர்ல இருந்து கிளைக்கிற எல்லாத்தையும் ஒண்ணா எண்ணுறது. கேட்டதும் மலைப்பா இருக்குமுங்க. ஆனா 100-க்கு 98-ன்னா என்னன்னு யோசிங்க. ஒரு பக்கத்துல 300 சொல் இருந்தா 6 சொல் தெரியாம இருக்கலாம். அந்த 6-ஐக் கதையே சொல்லிக் குடுத்துரும். 30 சொல் தெரியலைன்னா கதை நம்மைக் கைவிட்டுரும். களைக்கும் இதே கணக்குத்தான். பாத்தியில ஆறு களை இருந்தா பயிரே அதை அமுக்கிரும். முப்பது இருந்தா பயிரை அது அமுக்கிரும்.

அதனால நான் எல்லாச் சொல்லையும் அகராதியில தேடறதில்லை. முதல் தடவை ஒரு தெரியாத சொல் வந்தா தாண்டிப் போயிருவேன். ரெண்டாம் தடவை வந்தா பென்சில்ல ஒரு புள்ளி. மூணாம் தடவை வந்தா, சரி, இவன் நம்ம ஊருக்கு அடிக்கடி வர்ற ஆளு, யாருன்னு விசாரிக்கணும்னு நோட்டுல ஏத்துவேன். ஒரு நாளைக்கு மூணு, நாலுதான். ஏத்தினதை மறுநாள் ஒரு தடவை பார்ப்பேன், அப்புறம் நாலு நாள் கழிச்சு, அப்புறம் பத்து நாள் கழிச்சு, அப்புறம் மாசம் கழிச்சு. நாத்துக்கு உயிர்த்தண்ணி மூணாம் நாள் விட்டுட்டு அப்புறம் இடைவெளியைக் கூட்டிட்டே போறோமில்லைங்களா, அதே முறைதான். நாலு வருஷத்துல நாலு நோட்டு ஆச்சு. மூவாயிரம் சொல்லுக்குக் கொஞ்சம் மேல இருக்குது.

ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து படிக்கிறதுல ஒரு லாபம் இருக்கு. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் கைக்குப் பழகின சொல்னு ஒரு கூட்டம் இருக்கும். முதல் புத்தகத்துல பட்ட பாடு ரெண்டாவதுல பாதியாக் குறையும். ஹார்டி 1928-ல காலமானவர், அதனால அவர் நாவலெல்லாம் குட்டன்பெர்க்ங்கிற தளத்துல காசில்லாமலே கிடைக்குது. லிப்ரிவாக்ஸ்னு ஒண்ணுல யாரோ புண்ணியவான்கள் வாய்விட்டுப் படிச்சும் வச்சிருக்காங்க. களை எடுக்கிறப்ப காதுல மாட்டிட்டுக் கேப்பேன். எழுத்துல பார்த்த சொல்லை வேற யாராவது சொல்லிக் கேக்கிறப்பத்தான் அது நம்மளுதாகுது.

எல்லாச் சொல்லுக்கும் படல் மாதிரி காட்டுல பொருள் கிடைக்குமான்னா, கிடைக்காது. என் நோட்டுல சொல்லை மூணு ரகமாப் பிரிச்சு வச்சிருக்கேன்.

முதல் ரகம், நம்மகிட்ட இருக்கிற பொருள். இதுக்கு அர்த்தம் எழுத மாட்டேன், நம்ம பேரை எழுதுவேன். 'ரெடில்'ங்கிற சொல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாவல்ல வரும். ஆட்டு மேல அடையாளம் போடற செங்காவி. அந்தக் காவியை வித்துட்டு ஊர் ஊராப் போற ஒரு ஆள் அந்தக் கதையில பெரிய பாத்திரம். காவி அப்பி அப்பி மேலெல்லாம் செவந்து கிடப்பான். எங்க சந்தையில ஆடு புடிக்கிறவங்க கையை ஒரு தடவை பார்த்தா அந்தச் சொல் ஒட்டிக்கும். 'பெல்வெதர்'னு ஒண்ணு. பேப்பர்ல பங்குச் சந்தைச் செய்தியில பெரிய கம்பெனியை அப்படிச் சொல்லுவாங்க. வெதர்னா காயடிச்ச கிடா. அது கழுத்துல மணி கட்டி முன்னால விட்டா மந்தை பின்னால போகும். நம்ம முன்னத்தி ஏர் மாதிரி. பங்கு வாங்கி விக்கிற எத்தனை பேருக்கு அது ஒரு கிடாய்ன்னு தெரியும்?

ரெண்டாவது ரகம், நம்மகிட்ட இல்லாத பொருள். உறைபனி, பனி உருகறது, ஹீத்ங்கிற புதர்க்காடு இதெல்லாம். இதுக்குப் படம்தான் வழி. 'ஃபர்ஸ்'னு ஒரு முள்ளுச்செடி, அதை வெட்டிப் பொழைக்கிறவங்களைப் பத்தி ஹார்டி பக்கம் பக்கமா எழுதியிருக்கார். அதை கார்ஸ்னும் சொல்லுவாங்க. இது எப்படியிருக்கும்னு மண்டையைக் குடைஞ்சிட்டு இருந்தப்ப, உறவுல ஒரு விசேஷத்துக்காக ஊட்டி போனோம். ரோட்டோரமா மஞ்சப் பூவோட முள்ளு முள்ளா ஒரு புதர். வெள்ளைக்காரங்க கொண்டாந்து வச்சு, இப்போ நீலகிரி புல்வெளியைத் தின்னுட்டு இருக்கிற செடிங்க அது. பேர் கேட்டா கார்ஸ்! வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தேன், குத்துச்சு. வீட்டுக்காரி, "ஊட்டிக்கு வந்து ரோசாப்பூ பார்க்காம முள்ளைப் பார்க்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்"னா.

மூணாவது ரகம்தான் கஷ்டம். மனசு சம்பந்தப்பட்ட சொல். ஹார்டி ஆட்டுக்காரங்க பேசறப்ப கிராமத்துப் பேச்சா எழுதுவார், தானாப் பேசறப்ப புலவர் மாதிரி லத்தீன் வாடை அடிக்கும். இந்தச் சொல்லுக்கெல்லாம் அகராதி அர்த்தம் எழுதினா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியாது. எல்லாம் 'வருத்தம்', 'ஏக்கம்', 'சோகம்'னே போகும். அதனால நான் ஆள் பேர் எழுதறேன். 'டாஸிட்டர்ன்'னா பேச்சுக் குறைஞ்ச ஆள். அதுக்கு நேரா 'அப்பா'ன்னு மட்டும் எழுதியிருக்கேன். 'விஸ்ட்ஃபுல்'னு ஒரு சொல். கிடைக்காதுன்னு தெரிஞ்சும் சத்தமில்லாம ஒண்ணுக்கு ஏங்கறது. அதுக்கு நேரா, சாயங்கால பஸ் வர்றப்ப மட்டும் வாசல்ல வந்து உக்கார்ற எதிர்வீட்டு அம்மிணியக்கா. மகன் வெளிநாட்டுல இருக்கான், அந்த பஸ்ல வர மாட்டான்னு அந்தக்காவுக்கும் தெரியும்.

இன்னொரு வழி, வேரைத் தோண்டறது. இதுல எனக்குக் கிடைச்ச சந்தோஷம் சொல்லி மாளாது. லத்தீன் பேசின ரோமானியர் முதல்ல விவசாயிகள். அவங்க சொல்லைத் தோண்டினா மண்ணுதான் வருது. 'கிரெக்ஸ்'னா மந்தை. அதுல இருந்து காங்கிரிகேட்னா மந்தை கூடறது, செக்ரிகேட்னா மந்தையில இருந்து பிரிக்கிறது, கிரிகேரியஸ்னா கூட்டத்தோட இருக்கப் பிடிச்ச ஆள், எக்ரீஜியஸ்னா மந்தையில இருந்து துருத்திட்டு நிக்கிறது. ஒரு படலைத் திறந்தா நாலு ஆடு. 'செமினார்'னு பெரிய பெரிய ஏசி ரூம்ல நடத்தறாங்களே, அதுக்கு மூலச்சொல் நாத்தங்கால். 'வெர்ஸ்'ங்கிற கவிதை வரி, கலப்பையை வரப்போரம் கொண்டு போய்த் திருப்பறதுல இருந்து வந்தது. 'டெலீரியம்'னு ஆஸ்பத்திரியில சொல்லுவாங்க, காய்ச்சல்ல பிதற்றறது. லீரான்னா உழவு சால், டெலீரியம்னா சால் தப்பிப் போறது. 'டிரிபுலேஷன்'ங்கிற பெருந்துன்பம், கதிரடிக்கிற பலகையோட பேர்ல இருந்து வந்தது. கதிர் மேல அந்தப் பலகையை இழுக்கறப்ப கதிர் படற பாடு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'ரைவல்'. எதிராளி, போட்டிக்காரன்னு அர்த்தம். லத்தீன்ல ரீவுஸ்னா ஓடை. ஒரே ஓடையில தண்ணி பாய்ச்சற ரெண்டு பேருக்குத்தான் முதல்ல ரைவல்னு பேரு. கீழ்பவானி வாய்க்கால் கடைமடையில இருக்கிறவன்கிட்ட இதை யாரும் விளக்கவே வேண்டியதில்லைங்க. நம்ம ஊர்ல 'பங்காளி'ங்கிற சொல்லும் அப்படித்தானே? பங்கு வச்சிருக்கறவன், அதனாலேயே சண்டைக்காரன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால ரோமாபுரியிலயும் ராத்திரி மடை மாத்திட்டுப் போயிருக்கான் ஒருத்தன்.

இவ்வளவு சொல் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ஒரு விஷயம் சொல்றேன். இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சது.

போன வருஷம் மாசி மாசம் ஒரு ராத்திரி எங்க பட்டியில நாய்க் கூட்டம் புகுந்துருச்சு. காங்கேயம், சென்னிமலை, வெள்ளகோயில் பக்கமெல்லாம் இது இப்போ பெரிய கொடுமையா இருக்குன்னு நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. விடியக்காலம் போய்ப் பார்த்தப்ப 14 ஆடு கிடந்துது. அதுல ஒன்பது செனை ஆடு. கடிச்சதெல்லாம் கழுத்துல. எதையும் தின்னுருக்கலை, கடிச்சுப் போட்டிருந்துது அவ்வளவுதான். ஊரே வந்து, "எவ்வளவு நஷ்டம்? ஒரு ஆடு என்ன வெலை?"ன்னு கேட்டுது. நல்ல மனசோட கேட்டாங்க, நானும் பதில் சொன்னேன். ஆனா உள்ள ஒண்ணு இருந்துது, அதுக்கு எனக்குப் பேச்சு வரலை. வீட்டுக்காரிகிட்டக் கூட வரலை.

அந்த நாவல்ல ஆரம்பத்துலயே ஒரு அத்தியாயம் உண்டு. ஓக்கோட ரெண்டு நாய்ல இளசு ஒண்ணு, துரத்தறதுதான் தன் வேலைன்னு நினைச்சுக்கிட்டு, ராத்திரியில மந்தையையே விரட்டி விரட்டிச் சுண்ணாம்புக்கல் குழிக்குள்ள தள்ளிருது. 200 தாயாடு, எல்லாம் செனை. கடன் வாங்கிப் புடிச்ச ஆடு, இன்சூரன்ஸ் இல்லை. ஒரே ராத்திரியில அவன் விவசாயியா இருந்து கூலியாள் ஆயிர்றான். அதை நான் முன்னாலயே படிச்சிருந்தேன். சம்பவம் நடந்து ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப எடுத்துப் படிச்சேன். இந்தத் தடவை அகராதி தேவைப்படலை. ஹார்டி ஒரு வரிசை வச்சிருக்காருங்க அதுல. குழி ஓரத்துல நின்னு பார்க்கிற ஓக்குக்கு முதல்ல வர்றது பரிதாபம். அந்தச் சாதுவான ஆடுகளுக்காகவும், பொறக்காமயே போன குட்டிகளுக்காகவும். அதுக்கப்புறம்தான் இன்சூரன்ஸ் இல்லைங்கிறது ஞாபகம் வருது. அதுக்கும் அப்புறம், நல்ல வேளை எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு நினைக்கிறான், கட்டினவளும் சேர்ந்து பட்டிருப்பாளேன்னு.

முதல்ல ஆடு, அப்புறம்தான் காசு. எங்கிட்ட எல்லாரும் ரெண்டாவதைத்தான் கேட்டாங்க. முதலாவதை எனக்கு முன்னால ஒருத்தர் இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கார். எந்தக் குளிர் தேசத்துலயோ இருந்தவர், நம்ம ஊர்ப் பக்கமே வராதவர். அந்தப் பக்கத்தைப் படிச்சு முடிச்சப்பத்தான் எனக்கு அழுகை வந்துது. அந்தச் சொல்லெல்லாம் அரைகுறையாத் தெரிஞ்சிருந்தா 'ஆடு செத்துப்போச்சு'ங்கிற சேதி மட்டும்தான் எனக்கு வந்து சேர்ந்திருக்கும். சொல் சேர்க்கிறது பெருமைக்காக இல்லைங்க. நமக்கு வேண்டிய வரி எங்கேயோ எழுதி இருக்கு, அது நம்மகிட்ட வந்து சேர்றதுக்குப் பாதை போடற வேலை அது.

அதே நாவல்ல இன்னொரு இடம். 57 ஆடு இளசான குளோவர் காட்டுல புகுந்து மேய்ஞ்சு வயிறு உப்பிச் சாகக் கிடக்குது. ஓக் ஒரு குழாய் ஊசியை விலாவுக்குப் பக்கத்துல சரியான இடத்துல குத்தி, காத்தை வெளியேத்தி 49-ஐக் குத்திக் காப்பாத்தறான். ஈரக் குதிரை மசாலை மேய்ஞ்சுட்டு நம்ம ஆடும் அப்படித்தான் உப்பிரும். நாம கடலெண்ணெய் ஊத்துவோம், முத்திட்டா கால்நடை டாக்டர் அந்த ஊசியைத்தான் எடுப்பார். மகளுக்கு இதைச் சொன்னப்ப, "ட்ரோகார்னு ஒரு மார்க் கேள்வியா வந்துச்சுங்கப்பா. அதுக்குப் பின்னால இவ்வளவு உசுரு இருக்குதுன்னு யாரும் சொல்லலைங்க"ன்னா. இப்போ அவளும் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் படிக்கிறா. ஞாயித்துக்கிழமை போன்ல அவ எனக்கு இலக்கணம் சொல்லுவா, நான் அவளுக்கு ஆடு சொல்லுவேன்.

ஒரு கவலையும் இதுலயே சேர்ந்து வந்துது. நோட்டுல இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் நம்ம சொல்னு எழுதிட்டு வர்றேனில்லைங்களா, சில இடத்துல வலது பக்கம் காலியா நிக்குது. 'த்ரெஷ்'ங்கிற கதிரடிப்புக்கு எழுதறப்ப, முதல் அடிப்புக்குத் தலையடின்னு எழுதிட்டேன். அப்புறம் தாளைப் பரப்பி மாட்டை விட்டு மிதிக்க வைப்போமே, அதுக்கு வந்த சொல் நாக்கு நுனியில நிக்குது, வெளிய வரலை. எண்பது தாண்டின பெரியப்பா ஒருத்தர்கிட்டப் போய்க் கேட்டேன். "தாம்பு விடறதுடா அது! இங்கிலீசு படிக்கிறவனுக்குத் தாம்பு மறந்து போச்சா?"ன்னு சிரிச்சார். அப்படியே விடலை, கருக்காய், சண்டு, அரி, பொலின்னு களத்துச் சொல்லா அடுக்கிட்டே போனார். நான் எழுதிட்டே இருந்தேன். இப்போ அறுப்பு வண்டி ஒண்ணு வருது, ஒரு மணி நேரத்துல நெல்லு மூட்டைக்குப் போயிருது. உடம்புக்கு நல்லதுதான், அந்த வேலைக்கு நான் திரும்பிப் போக மாட்டேன். ஆனா வேலை போறப்ப சொல்லும் கூடவே வண்டியேறிப் போயிருது.

டார்செட்டுக்கும் இதுவே நடந்துதுங்க. 'டெஸ்' நாவல்ல நீராவிக் கதிரடிப்பு எந்திரம் வந்து பெண்டாளுங்களைப் படுத்தற பாட்டை ஹார்டி எழுதியிருக்கார். வில்லியம் பார்ன்ஸ்னு அங்க ஒரு பாதிரியார், வட்டாரப் பேச்சுலயே கவிதை எழுதினவர், ஹார்டிக்கு மூத்த சிநேகிதர். அவர் 1886-ல டார்செட் பேச்சுக்கு ஒரு சொல்லகராதி போட்டார். நம்ம கி. ராஜநாராயணன் 1982-ல கரிசல் காட்டுச் சொல்லுக்கு அகராதி போட்டார். பெருமாள்முருகன் 2000-ல கொங்கு வட்டாரச் சொல்லகராதி கொண்டாந்தார். இந்தக் கொங்கு அகராதி இப்போ என் திண்ணையில ஹார்டிக்குப் பக்கத்துல இருக்கு. ஒண்ணைப் படிக்க இன்னொண்ணு வேண்டியிருக்கு.

பேத்தி லீவுக்கு வந்திருந்தா. ஒன்பது வயசு, இங்கிலீஷ் மீடியம். ஷீப், லாம்ப், ஈவ், ராம், ஃபிளாக், எல்லாச் சொல்லும் தெரியும், எழுத்துக்கூட்டியும் சொல்லுவா. பட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம மேச்சேரி ஆட்டுக்கு அவ புத்தகத்துல இருக்கிற மாதிரி கம்பளி கிடையாதே. "அப்புச்சி, இதெல்லாம் கோட்டா?"ன்னு கேட்டா. "இல்ல சாமி, இதுதான் ஷீப்பு. வாலைப் பாரு, கீழ தொங்குது. வெள்ளாட்டுக்கு மேல தூக்கிட்டு நிக்கும்"னேன். ஒவ்வொரு ஆட்டு வாலா எண்ணிட்டே பட்டியைச் சுத்தி வந்தா. அப்புறம் படலைத் தொட்டு, "இதுக்குப் பேரு?"ன்னா. ரெண்டு பேரையும் சொன்னேன். ரெண்டையும் திருப்பிச் சொன்னா.

உங்களுக்கும் எனக்கும் இடையில ஒரு பண்டமாத்து இருக்குன்னு நினைக்கிறேன். உங்ககிட்டச் சொல் நிறைய இருக்கு, பொருள் தூரத்துல இருக்கு. எனக்கு நேர் எதிர். இங்கிலீஷ் இலக்கியம் படிக்கணும், சொல் ஒட்ட மாட்டேங்குதுன்னு சொல்றவங்க பட்டியலை மூடி வச்சுட்டு ஒரு நாவலை எடுங்க. உங்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிற உலகத்தைப் பத்தின நாவலா எடுங்க. தையல் தெரிஞ்சவங்க தையல்காரி கதை, கடல் பார்த்து வளர்ந்தவங்க மீன்காரன் கதை, ஆபீஸ்ல பேனா புடிச்சவங்க குமாஸ்தா கதை. பொருள் தெரிஞ்ச இடத்துல சொல் வேர் புடிக்கும். ஒரு நோட்டுப் போடுங்க, வலது பக்கம் உங்க ஊட்டுப் பேச்சுல எழுதுங்க. காலியா நிக்கிற இடத்துக்கு உங்க ஆத்தாவோ அமுச்சியோ இருந்தா போன் பண்ணிக் கேளுங்க. தள்ளிப் போட வேண்டாமுங்க. எங்க பெரியப்பாவுக்கு இப்போ காது சரியாக் கேக்கறதில்லை, நான் பக்கத்துல உக்காந்து கத்திக் கத்தித்தான் கேட்டுட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்குது.

'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாப்பது பக்கம் ஆச்சு. இருட்டையும் காட்டையும் தவிர இன்னும் பெரிசா ஒண்ணும் நடக்கலை, ஆனா அந்த இருட்டை எழுதியிருக்கற விதத்துக்காகவே மெதுவாப் போறேன். நாளைக்கு ராத்திரி ஒன்பது மணியில இருந்து தண்ணி முறை நமக்கு. மடையைத் திருப்பி விட்டுட்டு வரப்புல உக்காந்தா விடியறதுக்குள்ள ஒரு அத்தியாயம் முடியும். தலையில கட்டற லைட்டுக்குப் புது பேட்டரி போட்டு வச்சிருக்கேன்.